நின்ற நீரின் கணக்கு: பழைய கார் என்ஜினுக்கு மறுபடியும் தண்ணீர் ஓட்டுவது எப்படி?

அம்பாசிடர் என்ஜின் பிளாக்கின் பக்கவாட்டில், அடிப்புறமாக, கைவிரல் அளவில் ஒரு பித்தளைக் குழாய் இருக்கும். பிளாக்குக்குள் இருக்கும் தண்ணீரை வடிப்பதற்கு அது. இருபது வருடம் கொட்டகையில் நின்ற வண்டியில் அதைத் திருகினால் பெரும்பாலும் ஒரு சொட்டும் வராது. ரேடியேட்டரில் கழுத்துவரை தண்ணீர் இருந்தாலும் வராது. குழாயையே கழற்றிவிட்டு, அந்த ஓட்டைக்குள் ஒரு கம்பியை விட்டுக் குடைந்தால், முதலில் கருஞ்சிவப்பில் சேறு போல ஒன்று தலைகாட்டும். இன்னும் குடைந்தால் பொலபொலவென்று துருத்தூள் உதிரும். அப்புறம்தான், சொல்லாமல் கொள்ளாமல், டீத்தண்ணி நிறத்தில் நீர் பீய்ச்சியடிக்கும். “இத வுட்டுட்டு ரேடியேட்டர மட்டும் மாத்தி என்ன சார் பிரயோஜனம்?” என்று கேட்கிற மெக்கானிக் வாய்த்தால் வண்டிக்காரர் கொடுத்துவைத்தவர்.

பழைய கார் ஒன்றைக் கிளப்புவதென்றால் எல்லோருடைய கவனமும் பெட்ரோல், பேட்டரி, பிளக் என்று முன்னால் ஓடும். என்ஜின் ‘டுர்’ரென்று பிடித்துக்கொண்டதும் கைதட்டல், செல்போன் படம். கால் மணி நேரம் கழித்து வெப்பமானி முள் சிவப்புக் கோட்டைத் தொடும்போதுதான் தண்ணீரின் நினைவு வரும். அந்த நேரத்தில் ஹெட் வளைந்திருக்கலாம், கேஸ்கட் போயிருக்கலாம். எரிபொருள் தரும் வெப்பத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கை வெளியே கொண்டுபோவது இந்தத் தண்ணீரின் வேலை. சிலிண்டருக்குள் எரியும் வாயுவின் வெப்பம் ஒரு கணம் 2000 டிகிரி செல்சியஸைத் தாண்டுகிறது. அதைச் சுற்றியுள்ள வார்ப்பிரும்பு உருகாமல் நிற்பதற்குக் காரணம், சுவருக்கு மறுபக்கம் நீர் நகர்ந்துகொண்டே இருப்பது.

அந்த நகர்வை மீட்பதற்கு எது சரியான வழி என்பதில் பழைய கார் பிரியர்களிடையே நெடுநாள் வாதங்கள் உண்டு. அமிலம் ஊற்றலாமா, கூடாதா? தெர்மோஸ்டாட் வேண்டுமா, வேண்டாமா? வெறும் தண்ணீரா, கூலன்ட்டா? இந்த வாதங்களில் பெரும்பாலானவை எந்தத் திரவத்தை ஊற்றுவது என்பதைப் பற்றியவை. அடைப்பு எங்கே இருக்கிறது என்ற கேள்வியை முதலில் கேட்டுவிட்டால் அவற்றில் பாதி தானாகவே தீர்ந்துபோகும்.

கொதிக்கவிட்ட காலம்

எல்லாப் பழைய கார்களும் ஒரே மாதிரி குளிர்வதில்லை. கார்ல் பென்ஸ் 1886இல் காப்புரிமை பெற்ற மூன்று சக்கர வண்டியில் ரேடியேட்டரே கிடையாது. சிலிண்டரைச் சுற்றியிருந்த தண்ணீர் கொதித்து ஆவியாகிப் போகும். அந்த ஆவிதான் வெப்பத்தைக் கொண்டுபோகும். 1888 ஆகஸ்டில் பென்ஸின் மனைவி பெர்தா, மகன்கள் இருவரோடு மன்ஹைமிலிருந்து ஃபோர்ட்ஸ்ஹைமுக்கு நூறு கிலோமீட்டருக்கும் மேல் அந்த வகை வண்டி ஒன்றை ஓட்டிப்போனார். எரிபொருளை வழியில் ஒரு மருந்துக்கடையில் வாங்கிய கதை எல்லோருக்கும் தெரியும். வழிநெடுகத் தண்ணீருக்காக நின்று நின்று போனதைத்தான் யாரும் அதிகம் சொல்வதில்லை.

இந்தத் தாகத்தைத் தீர்த்தவர் வில்ஹெல்ம் மைபாக். 1901இல் நீஸ் நகரப் பந்தயங்களில் எல்லோரையும் திரும்பிப் பார்க்கவைத்த மெர்சிடிஸ் 35 காருக்காக அவர் தேன்கூடு போன்ற ரேடியேட்டரைச் செய்தார். 6 மில்லிமீட்டர் சதுரத்தில் 8,070 சிறு குழாய்களை ஒன்றாகப் பற்றவைத்தது அது. குழாய்களுக்குள் காற்று போகும். அவற்றுக்கிடையே மெல்லிய படலமாகத் தண்ணீர் இறங்கும். இன்றைய ரேடியேட்டர்களின் வமிசம் அங்கேதான் தொடங்குகிறது.

ஃபோர்டு மாடல் டி வேறொரு வழியில் போனது. 1908இல் அறிமுகமான அதன் முதல் சில ஆயிரம் வண்டிகளில் தண்ணீர் பம்ப் இருந்தது. பிறகு ஃபோர்டு அதை எடுத்துவிட்டு இயற்கையையே நம்பினார். சூடான நீர் லேசாகி மேலே ஏறும், ரேடியேட்டரில் குளிர்ந்த நீர் கனமாகிக் கீழே இறங்கும். 1922இல் வந்த பிரிட்டனின் ஆஸ்டின் செவனும் இதே முறைதான். உடைந்துபோக ஒன்றுமில்லாத ஏற்பாடு. ஆனால் இந்த ஓட்டத்துக்குப் பின்னால் இருக்கும் விசை மிகச் சிறியது. மேல் ஹோஸின் வாய்க்குக் கீழே நீர்மட்டம் இறங்கினால் சுழற்சி அறவே நின்றுவிடும். பம்ப் உள்ள என்ஜின் சமாளித்துக்கொள்கிற கொஞ்சம் படிவுகூட இந்த வண்டிகளை மூச்சுத்திணற வைக்கும்.

அடுத்து வந்தது அழுத்த மூடி. ஒரு சதுர அங்குலத்துக்கு 7 பவுண்டு அழுத்தம் தாங்கும் மூடி போட்டால் கடல்மட்டத்தில் நீர் 100 டிகிரிக்குப் பதில் ஏறத்தாழ 111 டிகிரியில் கொதிக்கும். 4 பவுண்டு மூடியில் 107. மூடியில் அழுத்தமே இல்லாத, இரண்டாம் உலகப் போருக்கு முந்தைய வண்டி ஊட்டி ஏறினால், அந்த உயரத்தில் தண்ணீர் 93 டிகிரிக்குள்ளேயே கொதித்துவிடும். “புது மூடி போட்டால் கொதிக்காது” என்று திறந்த அமைப்புள்ள வண்டிக்கு அழுத்த மூடி மாட்டுவோர் உண்டு. அந்த ரேடியேட்டரின் ஈயப் பற்றுகள் அழுத்தத்துக்காகச் செய்யப்பட்டவை அல்ல. மூடி பிழைக்கும், தொட்டி பிளக்கும்.

ஓடாமலே தேய்வது

வண்டி ஓடாமல் நின்றால் தேய்மானம் இல்லை என்று நினைப்பது இயல்பு. பிஸ்டனுக்கு அது பாதி உண்மை; தண்ணீர்ப் பாதைக்கு அறவே பொருந்தாது. இரும்பும் நீரும் கரைந்த ஆக்சிஜனும் சேர்ந்தால் துரு. துரு, தான் தின்ற இரும்பைவிடப் பல மடங்கு இடத்தை அடைத்துக்கொள்ளும். என்ஜின் ஓடும்போது தூளாகச் சுழன்றுகொண்டிருக்கும் அது, நின்றதும் கீழே படிகிறது. ரேடியேட்டரிலிருந்து தொலைவாகவும் ஓட்டம் மந்தமாகவும் இருக்கும் இடம் பிளாக்கின் பின்கோடி. கடைசிச் சிலிண்டரின் அடிப்பகுதியைச் சுற்றிச் சேறு இறுகுவதும், அந்தச் சிலிண்டரே முதலில் சூடேறிக் கெடுவதும் அதனால்தான்.

‘நான் வண்டியை நிறுத்தும்போதே தண்ணீரை வடித்துவிட்டேனே’ என்பார்கள் சிலர். கேட்பதற்கு நல்ல முன்யோசனைதான். ஆனால் வடித்த பிறகும் உள்ளே ஈரம் தங்கும்; கூடவே தாராளமாகக் காற்றும் புகும். நனைந்த இரும்பும் திறந்த காற்றும் துருவுக்குச் சொர்க்கம். துருத்தடுப்பான் கலந்த நீரால் முழுக்க நிரப்பி நிறுத்திய என்ஜின், அரைகுறையாக வடித்து நிறுத்தியதைவிட நன்றாக இருப்பதை மறுசீரமைப்பாளர்கள் திரும்பத் திரும்பக் காண்கிறார்கள்.

தமிழ்நாட்டின் சமவெளிகளில் தண்ணீர் உறைவதில்லை. எனவே உறைதடுப்பான் தேவையில்லை என்று பல பத்தாண்டுகள் வெறும் குழாய்த் தண்ணீரையும் போர்த் தண்ணீரையும் ஊற்றியே கார்கள் ஓடின. உறைதடுப்பானோடு வரும் துருத்தடுப்பானும் அதனால் இல்லாமல் போனது. போர்த் தண்ணீரின் சுண்ணம் வெந்நீர் அண்டாவின் அடியில் வெள்ளையாக ஒட்டுவதைப் பார்க்காத வீடு கிடையாது. அதே படிவு சிலிண்டர் சுவரிலும் ஒட்டும். ஒரு மில்லிமீட்டர் சுண்ணப் படிவு, வெப்பத்தைத் தடுப்பதில் சில சென்டிமீட்டர் கனமான வார்ப்பிரும்புக்குச் சமம். ரேடியேட்டர் புத்தம் புதிதாக இருந்தும் வண்டி கொதிப்பதன் ரகசியம் பலமுறை இதுதான்.

உலோகமும் முக்கியம். அம்பாசிடரின் 1489 சிசி என்ஜின் பிரிட்டிஷ் பி.எம்.சி. வடிவமைப்பு; பிளாக்கும் ஹெட்டும் வார்ப்பிரும்பு. பம்பாயில் செய்யப்பட்ட ஃபியட் 1100, அதன் தொடர்ச்சியான பத்மினி ஆகியவற்றில் பிளாக் இரும்பு, ஹெட் அலுமினியம். இரண்டு வேறு உலோகங்களுக்கு நடுவே தடுப்பான் இல்லாத தண்ணீர் இருந்தால் அது சின்ன பேட்டரி மாதிரி. அந்த பேட்டரியில் கரைவது அலுமினியம். பழைய ஃபியட் ஹெட்டைக் கழற்றினால் நீர்த்துளைகளின் ஓரங்கள் எலி கரம்பியது போல இருப்பது இதனால்.

இந்தக் கோளாறுக்கு உலகப் புகழ்பெற்ற சாட்சி டிரையம்ஃப் ஸ்டாக். 1970 முதல் 1977 வரை பிரிட்டனில் செய்யப்பட்ட, 2,997 சிசி வி-8 என்ஜின் கொண்ட அழகான கார். இரும்பு பிளாக், அலுமினிய ஹெட்கள். வார்க்கும்போது உள்ளே தங்கிய மணல், தடுப்பானைப் பற்றிக் கவலைப்படாத பராமரிப்பு, என்ஜினின் உச்சியில் உட்கார்ந்திருந்ததால் நீர்மட்டம் சற்று இறங்கினாலும் வெறும் காற்றை இறைத்த பம்ப் என்று எல்லாம் சேர்ந்து அதற்குக் ‘கொதிக்கும் கார்’ என்ற பெயரை வாங்கித் தந்தன. இன்று அதே கார்கள், பிளாக்கைச் சுத்தமாகக் கழுவி ஒழுங்கான கூலன்ட் ஊற்றியவர்களிடம் தொந்தரவின்றி ஓடுகின்றன.

கை வைக்கும் முன் கண் வைப்பது

பழுது பார்ப்பதற்கு ஒரு வரிசை உண்டு. முதலில் ஆயில் கம்பியை எடுத்துப் பார்க்க வேண்டும். எண்ணெய் மோர் போல வெளுத்திருந்தால் தண்ணீர் அதில் கலந்திருக்கிறது. கேஸ்கட் போயிருக்கலாம், இல்லை பிளாக் விரிசல் விட்டிருக்கலாம். அப்போது சுத்தம் செய்யும் பேச்சே கிடையாது, ஹெட் இறங்கியாக வேண்டும். பழைய கேஸ்கட் செம்புத் தகட்டுக்கு நடுவே ஆஸ்பெஸ்டாஸ் வைத்ததாக இருக்கக்கூடும். அதை உலர்ந்த நிலையில் சுரண்டித் தூள் பறக்கவிடாமல், நனைத்துத்தான் எடுக்க வேண்டும்.

அடுத்து வாட்டர் பம்ப். பேன் பெல்ட்டைக் கழற்றிவிட்டுக் கையால் சுற்றினால் கரகரப்பு தெரியும். பேன் இறக்கையைப் பிடித்து ஆட்டினால் பேரிங் ஆட்டம் தெரியும். ஆண்டுக்கணக்கில் உலர்ந்து ஒட்டிப்போன கார்பன் சீல் முதல் சுற்றிலேயே கிழியும். பம்பின் கழுத்துக்குக் கீழே ஒரு சிறு துளை இருக்கிறதே, அது சீல் போனதைச் சொல்வதற்காக வைத்தது. அங்கே நீர் சொட்டினால் துளையை அடைக்கக் கூடாது, பம்பைக் கழற்ற வேண்டும். போருக்கு முந்தைய பல பம்புகளில் கிராஃபைட் தடவிய கயிற்றைச் சுற்றி இறுக்குவார்கள். அவை லேசாகச் சொட்டுவதுதான் சரி. சொட்டே இல்லாமல் இறுக்கினால் தண்டு தேய்ந்துபோகும்.

ஹோஸ்களில் வெளித்தோற்றத்தை நம்ப முடியாது. வெளியே பளபளப்பாக இருக்கும் ரப்பர் உள்ளே உரிந்து, சவ்வு போலத் தொங்கிப் பாதையை மூடியிருக்கும். கீழ் ஹோஸ் இன்னும் வஞ்சகமானது. பம்ப் உறிஞ்சும் வேகத்தில் அது தட்டையாகிவிடும். அதைத் தடுக்கத்தான் பல கார்களில் உள்ளே ஒரு சுருள்கம்பி இருந்தது. துருப்பிடித்து அது கரைந்துபோயிருந்தால், நின்றபடி ஓடும்போது எல்லாம் சரியாக இருக்கும். ஆக்சிலரேட்டரை மிதித்ததும் வண்டி கொதிக்கும்.

பிளாக்கின் பக்கங்களில் வட்டமான தகட்டு மூடிகள் இருக்கும். உறைபனியில் பிளாக் வெடிக்காமல் காப்பதற்காக என்று பலரும் நினைப்பார்கள். உண்மையில் அவை வார்ப்பு முடிந்ததும் உள்ளே இருந்த மணலை எடுத்த துளைகளின் மூடிகள். வெளியே நன்றாகத் தெரியும் மூடியை ஸ்க்ரூடிரைவரால் குத்தினால் காகிதம் போல உள்ளே போவதுண்டு. அவற்றை எல்லாம் எடுத்துவிட்டால் பிளாக்கின் வயிற்றுக்குள் நேராகக் கை நுழைக்க ஐந்தாறு ஜன்னல் கிடைக்கும். மூடும்போது பித்தளை மூடியாகப் போட்டுவிடலாம்.

கரைப்பதா, குடைவதா?

பெரிய சண்டை இங்கேதான். ஒரு கட்சி, அமிலம் ஊற்றிக் கரைத்துவிடலாம் என்கிறது. மறு கட்சி, அமிலத்தைக் கண்ணாலும் பார்க்காதே என்கிறது. இரு தரப்பிலும் பாதி நியாயம் இருக்கிறது.

ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை, அதாவது கடையில் ‘ஆசிட்’ என்று விற்பதை, என்ஜினுக்குள் ஊற்றுவது பற்றி விவாதமே வேண்டாம். துருவோடு இரும்பையும், ரேடியேட்டரின் ஈயப் பற்றையும், அலுமினியத்தையும் ஒருசேரத் தின்னும். சிட்ரிக் அமிலம் நிதானமானது. சுண்ணத்தையும் மெல்லிய துருவையும் கரைக்கும். அலுமினியத்தில் அதிக நேரம் விட்டால் அதையும் அரிக்கும். சலவைச் சோடா துருவைத் தொடாது. எண்ணெய்ப் பிசுக்கை எடுப்பதில் கெட்டி. எண்ணெய்ப் படலம் இருக்கும்வரை அமிலம் துருவை எட்டாது. அதனால் முதலில் சோடா, பிறகு சிட்ரிக், கடைசியில் நீர்த்த சோடாவால் அமிலத்தை முறித்துவிட்டு தெளிந்த தண்ணீர் வரும்வரை அலசுவது என்ற வரிசை. இது இரும்பு ஹெட் உள்ள என்ஜினுக்கு. அலுமினிய ஹெட் என்றால் சோடாவும் அதற்குப் பகை. தனியாக அலுமினியத்துக்கென்று விற்கும் சுத்திகரிப்பானோ, வெறும் வெந்நீரோ போதும். அமிலத்தால் சுத்தமான இரும்பு சில மணி நேரத்திலேயே மறுபடி சிவந்துவிடும்; அலசி முடித்த கையோடு தடுப்பான் கலந்த நீரை நிரப்ப வேண்டும்.

ஆனால் எந்த ரசாயனமும் பின்கோடியில் கல்லாக இறுகிய சேற்றை அசைக்காது. திரவம் ஓடாத இடத்துக்கு மருந்து எப்படிப் போய்ச் சேரும்? அங்கே கம்பிதான் வைத்தியம். தகட்டு மூடிகளைக் கழற்றி, வளைத்த கம்பியாலும் தண்ணீர்ப் பீச்சாலும் மாறி மாறிக் குடைய வேண்டும். வேலை அலுப்பாக இருக்கும். பக்கெட்டில் கையளவு செதில், வார்ப்பு மணல், சில நேரம் யாரோ எப்போதோ தவறவிட்ட கேஸ்கட் துண்டு என்று வந்துகொண்டே இருக்கும்.

என்ஜினை முழுக்கப் பிரித்தவர்களுக்கு மூன்றாவது வழி ஒன்று உண்டு. வெறும் இரும்பு பிளாக்கைச் சோடா கரைசலில் அமிழ்த்தி, தொடாமல் ஒரு இரும்புத் தகட்டைத் தொங்கவிட்டு, பேட்டரி சார்ஜர் மூலம் மின்சாரம் பாய்ச்சினால் துரு கழன்று விழும். தகட்டுக்கு நேராகத் தெரியும் பரப்பில்தான் அது நன்றாக வேலை செய்யும். மூலைமுடுக்குகளில் பலன் குறைவு. ஹைட்ரஜன் வெளிவருவதால் திறந்த வெளியில்தான் செய்ய வேண்டும். எவர்சில்வர் தகடு கூடாது. அதிலுள்ள குரோமியம் நஞ்சாகக் கரையும்.

ரேடியேட்டருக்கு எளிய சோதனை ஒன்று போதும். கழற்றி நிமிர்த்தி, மேல் வாயில் பக்கெட் தண்ணீரைக் கவிழ்த்தால் அதே வேகத்தில் கீழ் வாயில் கொட்ட வேண்டும். மேலே தேங்கினால் குழாய்கள் அடைபட்டிருக்கின்றன. தலைகீழாக்கி எதிர்த்திசையில் தண்ணீர் விடுவது முதல் படி. அதிலும் சரியாகாவிட்டால் பழைய ரேடியேட்டர் கடைக்காரர் மேல் தொட்டியின் ஈயப் பற்றைச் சூடாக்கிக் கழற்றி, ஒவ்வொரு குழாயிலும் தட்டைக் கம்பியைச் செருகி இழுப்பார். குழாய்களே அரித்துப்போயிருந்தால் பழைய தொட்டிகளை வைத்துக்கொண்டு நடுவே புதுக் கோர் போட வேண்டும். கொட்டகையில் நின்ற வண்டியில் வெளிப்பக்கத்தையும் பார்ப்பது நல்லது. தகடுகளுக்கு நடுவே குளவிக்கூடு இருந்தால் உள்ளே எவ்வளவு சுத்தம் செய்தும் காற்று புகாது.

வால்வைக் கழற்றிப் போடு!

நம் ஊர்ப் பட்டறைகளில் நெடுநாள் புழங்கிவரும் வைத்தியம், கொதிக்கிற வண்டியின் தெர்மோஸ்டாட்டை, அதாவது சூடேறியதும் திறந்து நீரை ரேடியேட்டருக்கு விடும் வால்வை, கழற்றி எறிவது. இதற்கு ஒரு வரலாறு இருக்கிறது. பழைய தெர்மோஸ்டாட், ஆவியாகும் திரவம் நிரப்பிய பித்தளைத் துருத்தி. அது பழுதானால் திறந்த நிலையிலேயே நிற்கும்; வண்டிக்கு ஆபத்தில்லை. பின்னால் பரவலான மெழுகு வகை பழுதானால் மூடிய நிலையில் மாட்டிக்கொள்ளக்கூடும், வண்டி கொதிக்கும். கழற்றி எறியும் பழக்கம் அந்த அனுபவத்தில் பிறந்தது.

ஆனால் கழற்றிவிட்டால் என்ஜின் தேவையான சூட்டை எட்டத் தாமதமாகும், எண்ணெயில் ஈரம் தங்கும், சிலிண்டர் தேயும். சில பி.எம்.சி. என்ஜின்களில் இன்னொரு சிக்கலும் உண்டு. அவற்றின் அசல் தெர்மோஸ்டாட்டில் இருந்த உறை, சூடானதும் பக்கவழியை மூடிவிடும். அதை எடுத்துவிட்டால் சூடான நீரில் ஒரு பங்கு ரேடியேட்டர் பக்கம் போகாமலே சுற்றும். பந்தயக்காரர்கள் தெர்மோஸ்டாட்டை எடுத்த இடத்தில் அடைப்பு வளையம் ஒன்றைப் போட்டது அதற்காகத்தான். ஒரு பாத்திரத்தில் தண்ணீர் வைத்து, நூலில் கட்டித் தொங்கவிட்டு, எந்த டிகிரியில் திறக்கிறது என்று பார்ப்பதற்குப் பத்து நிமிடம் ஆகும். கழற்றி எறிவதற்கு முன் அந்தப் பத்து நிமிடத்தைச் செலவிடலாம்.

எதை ஊற்றுவது?

வெப்பத்தைச் சுமப்பதில் வெறும் தண்ணீரை மிஞ்ச ஒன்றுமில்லை. உறைதடுப்பானான கிளைக்கால் சரிபாதி கலந்தால் சுமக்கும் திறன் கணிசமாகக் குறையும். கொதிநிலை சில டிகிரி ஏறும். தமிழ்நாட்டு வெயிலில் உறைதடுப்பின் பயன் இல்லை. அதிலுள்ள தடுப்பான் மட்டுமே தேவை. எனவே கனிமம் நீக்கிய தண்ணீரும் துருத்தடுப்பானும் சேர்ந்த கலவையே பல பழைய வண்டிகளுக்குப் போதும்.

நீண்டநாள் தாங்கும் புதுவகைக் கரிம அமிலக் கூலன்ட்கள் பழைய ஈயப் பற்றுகளுக்கும் சீல்களுக்கும் ஒத்துவராமல் போகலாம் என்று பிரிட்டனின் வரலாற்று வாகன மன்றங்கள் எச்சரித்திருக்கின்றன. இரண்டு வருடத்துக்கொரு முறை மாற்ற வேண்டிய பழைய வகையே பத்திரம் என்பது அவர்கள் கட்சி. தண்ணீரே இல்லாத கூலன்ட்டும் இப்போது கிடைக்கிறது. நீர் இல்லாததால் துரு இல்லை, கொதிநிலையும் மிக உயரம். ஆனால் வெப்பம் சுமப்பது குறைவு, விலை அதிகம், கசிந்தால் வழியில் தண்ணீர் ஊற்றிச் சமாளிக்கவும் முடியாது. ஓட்டாமல் காட்சிக்கு நிறுத்தும் வண்டிக்கு அது நல்ல தேர்வு. எத்திலீன் கிளைக்கால் எதில் இருந்தாலும் இனிக்கும் நஞ்சு. வடித்ததைத் திறந்து வைத்தால் நாயோ பூனையோ குடித்துச் சிறுநீரகம் கெட்டுச் சாகும்.

2021இல் மத்திய மோட்டார் வாகன விதிகளில் வந்த திருத்தத்தின்படி 50 ஆண்டுக்கு மேற்பட்ட வாகனங்களை விண்டேஜ் என்று பதிவு செய்யலாம். எண் தகட்டில் ‘விஏ’ எழுத்துகள் வரும். சென்னைப் புறநகரில் செய்யப்பட்ட ஸ்டாண்டர்ட் ஹெரால்டுகளும் முதல் தலைமுறை அம்பாசிடர்களும் இந்த வரம்புக்குள் வந்துவிட்டன. கொட்டகைகளிலிருந்து வெளியே வரும் வண்டிகள் இனியும் கூடும்.

அப்படி வெளியே வரும் வண்டியின் முதல் ஓட்டத்துக்கு அனுபவசாலிகள் ஒரு தந்திரம் செய்வார்கள். மேல் ஹோஸ் ரேடியேட்டரோடு சேரும் கழுத்தில் மெல்லிய நைலான் காலுறையின் முனையை வடிகட்டியாகச் செருகி, மேலே கிளிப் போட்டு இறுக்கிவிடுவார்கள். மூடியை எடுத்துவிட்டு என்ஜினை மெதுவாக ஓடவிட்டு, தண்ணீரில் நிற்காமல் குமிழி வருகிறதா என்று பார்ப்பார்கள். வந்தால் எரிந்த வாயு கசிகிறது, ஹெட்டைக் கழற்ற வேண்டியதுதான். வராவிட்டால் மூடியை மாட்டி, தெருவைச் சுற்றி ஒரு நடை. திரும்பி வந்து, முழுக்க ஆறிய பிறகு ஹோஸைக் கழற்றினால் காலுறையின் நுனியில் ஒரு தேக்கரண்டி செம்மண் போலத் துரு தங்கியிருக்கும். அதைக் கொட்டி அலசி, மறுபடி செருகி, இன்னொரு நடை. இரண்டாம் முறை அரைத் தேக்கரண்டி. நான்காவதோ ஐந்தாவதோ முறை காலுறை ஈரமாக மட்டும் வெளியே வரும்போது, அதை உருவிப்போட்டுவிட்டுக் கிளிப்பைக் கடைசியாக இறுக்குவார்கள்.